ஊருக்கு எத்தனை தூம்பா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதைச் சொல்ல ஊர்ப்பலகை தேவையில்லை. சாலையோரம் பாத்தி பாத்தியாக வெள்ளை விரியும். குவித்து வைத்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைக்கும். 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளம். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆந்திரக் கடலோரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்த பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிகிற இடமும் இதுவே. இங்கே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிற ஒருவரிடம் போய், உலகுக்கே உப்பு நீங்கள்தான் என்று பிரசங்கம் செய்தால், அது இருக்கட்டும், கூலியை எப்போது ஏற்றுவார்கள் என்றுதான் கேட்பார். உப்பின் அருமையைப் பற்றி அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இயேசு உப்பைப் பற்றிச் சொன்னதாகப் பலரும் அறிந்தது மத்தேயு நற்செய்தியில் வருவது. மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் முடிகிற இடத்தில் இன்னொன்று இருக்கிறது. பிரசங்கங்களில் அதிகம் அடிபடாதது. சீடர்கள் தங்களுக்குள் உப்பைக் காத்துக்கொள்ள வேண்டும், ஒருவரோடொருவர் சமாதானமாகவும் இருக்க வேண்டும் என்று உப்பையும் சமாதானத்தையும் அங்கே அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். ஏன் சொன்னார் என்பதற்கான காரணம் அதே அதிகாரத்தில் சற்று முன்னால் கிடக்கிறது. கப்பர்நாகூம் போகும் வழியெல்லாம் சீடர்கள் தங்களில் யார் பெரியவன் என்று வாதாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீடு சேர்ந்ததும், வழியில் என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று குரு கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனம் தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு நன்றாகவே பழக்கமானது.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் கொண்டாடப்படுகிறது. கத்தோலிக்க ஆயரும் சி.எஸ்.ஐ. பேராயரும் லுத்தரன் பேராயரும் ஒரே மேடையில் நின்று செபிப்பார்கள்; மறுநாள் பத்திரிகையில் படம் வரும். இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு முன்புவரை புராட்டஸ்டண்ட் கோயில் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்குகொள்வதே பாவமாக இருந்தது. அங்கிருந்து இங்கே வந்திருப்பது பெரிய தூரம்தான்.

அந்தத் தூரத்தை உலகுக்கே முன்னோடியாக நடந்து காட்டியதும் தமிழ் மண்தான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் முன்னின்றவர். ஐரோப்பாவில் என்றோ நடந்த சண்டைகளின் பேரால் இந்தியக் கிறிஸ்தவன் ஏன் பிரிந்து கிடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. அதற்கு விடை கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஏழு வாரம்கூட நிறையவில்லை, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது. ஆயர்களை வைத்து நடக்கும் ஆங்கிலிக்கன் சபையும், ஆயரே வேண்டாம் என்ற பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினரும், மெத்தடிஸ்டுகளும் ஒன்றாயினர். அப்படி ஓர் இணைப்பு அதற்கு முன் உலகில் எங்கும் நடந்ததில்லை. அசரியா அதைக் காணவில்லை. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளே மறைந்துவிட்டார்.

சபைக்கும் சபைக்கும் இடையே இருந்த சுவரில் இவ்வளவு பெரிய வாசல் திறந்தாயிற்று. அந்த வாசல் வழியாக யார் யார் போய்வருகிறார்கள் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவைப் பக்கத்தைப் புரட்டினால் போதும். சி.எஸ்.ஐ. என்று தொடங்கும் விளம்பரத்தில் அடுத்த சொல் சாதிப் பெயர். ஆர்.சி. என்று தொடங்குவதிலும் அப்படியே. கொஞ்சம் தாராள மனம் படைத்தவர்கள், எந்தச் சபையானாலும் சம்மதம் என்று சேர்த்திருப்பார்கள். அசரியாவின் கனவு பலித்துவிட்ட இடம் என்று சிரிக்கத் தோன்றும். ஒரே சாதிக்குள் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சம்பந்தி ஆகிவிடுகிறார்கள். ஒரே கோயிலில், ஒரே கிண்ணத்தில் நற்கருணை வாங்குகிற இரண்டு சாதியார் ஆவதில்லை.

ஆகவே ஒன்றிப்பு பற்றிப் பேசுவதாக இருந்தால் ஆயர்கள் கூடும் மேடையை விட்டு இறங்கி, ஒரு பங்கின் தெருவுக்குப் போக வேண்டும்.

மரக்காணத்து உப்புக் கடற்கரை கத்தோலிக்க நிர்வாகத்தில் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதே உயர்மறைமாவட்டத்தில், திண்டிவனமும் விழுப்புரமும் கடந்து உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் எறையூர் இருக்கிறது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2008-இல் மரக்காணமும் எறையூரும் ஒரே விழுப்புரம் மாவட்டம். எறையூர் பழைய வேதக்காரர் ஊர். ஊர்க்காரர்கள் வன்னியர்கள், கிறிஸ்தவர்கள். காலனிக்காரர்கள் தலித்துகள், அவர்களும் கிறிஸ்தவர்கள். செபமாலை அன்னைக்குப் பெரிய கோயில் ஒன்று. கல்லறைத் தோட்டம் இரண்டு. தூம்பாவும் இரண்டு.

தூம்பா என்பது போர்ச்சுகீசியர் வழியாக வந்து தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் தங்கிவிட்ட சொல். இறந்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் பெட்டி. கோயிலுக்குச் சொந்தமானது, எல்லாச் சாவுக்கும் பொதுவாக இருக்க வேண்டியது. எறையூரில் அது பொதுவாக இல்லை. ஊர்த் தெரு வழியாகத் தங்கள் சாவு ஊர்வலம் கோயிலுக்குப் போக முடியவில்லை, கோயிலுக்குள்ளும் தங்களுக்கு ஓரம்தான் ஒதுக்கப்படுகிறது என்று தலித் கிறிஸ்தவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தார்கள். கடைசியில், எங்களுக்கென்று ஒரு சிற்றாலயம் இருக்கிறது, அதைத் தனிப் பங்காக அறிவித்து ஒரு சாமியாரை அனுப்புங்கள் என்றார்கள். 2008 மார்ச்சில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள்.

மார்ச் 9 ஞாயிற்றுக்கிழமை. தவக்காலம், ஈஸ்டருக்கு இரண்டே வாரம். தலித் குடியிருப்பின் மீது தாக்குதல் நடந்தது, வீடுகள் சேதமாயின. போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள்.

ஐந்து ஆண்டு கழித்து, 2013 ஏப்ரல் 25 அன்று, மரக்காணத்திலும் சாதிக் கலவரம் மூண்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை முடங்கியது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்கு ஒரு வேறுபாடு தெரியும். மரக்காணத்தில் மோதிக்கொண்ட இரு தரப்பையும் வாரந்தோறும் ஒரே கூரையின் கீழ் மண்டியிட வைத்த கோயில் என்று ஒன்று இருந்ததில்லை. எறையூரில் இருந்தது. இருந்தும், நடந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. திருச்சபை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

இது ஏதோ நேற்று முளைத்த சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, பூணூலை மத அடையாளமாகக் கொள்ளாமல் குல அடையாளமாகக் கொண்டு, உயர்சாதியாரை அணுகிய முறைக்கு 1623-இல் ரோமாபுரி அனுமதி தந்தது. பிறகு பிராமணர் போன்ற உயர்சாதியாருக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று இரண்டு வரிசை நடைமுறைக்கு வந்தது. அன்றைய சமூகத்தில் வேறு வழி என்ன இருந்தது என்று நொபிலிக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் ஏணியாக வைத்தது படிக்கட்டாகவே கட்டப்பட்டுவிட்டது.

1703 நவம்பரில் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன், மறு ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் நோயில் கிடந்தால் குருவானவர் அவர் வீட்டுக்கே போய் அருட்சாதனம் தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. போகாமல் இருந்ததால்தானே விதி தேவைப்பட்டது! நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதி செய்தார். செய்யும்போதே, அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் சேசு சபையாரின் ஏற்பாட்டுக்கும் இடம் கொடுத்தார். ஒரு கையால் சுவரை இடித்து மறு கையால் வேலி போட்டது போல.

அடுத்த ஆண்டு புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளை வைணவர், கிறிஸ்தவர் வீட்டுச் சண்டையை மதில்மேல் நின்று பார்க்கிறவருடைய சுவாரசியத்தோடு எழுதுகிறார். சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் பறைச்சேரிகளின் கிறிஸ்தவர்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். கடவுளுக்கு முன் வேற்றுமை இல்லை என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று கேட்டார்கள். சாமியார் நியாயம்தான் என்று சொல்லி, சுவரை இடிக்கச் செய்தார். உடனே மறுபக்கத்தார் கொதித்தார்கள். விவகாரம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை போனது. கூட்டம் கூடுகிறவர்களைப் பிடிக்கக் காவலும் போடப்பட்டது.

கேட்டது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். ரோமாபுரியிலிருந்து ஆணை வந்தது உண்மைதான், ஆனால் சுவர் விழுந்தது சேரியிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்த பிறகு. இன்றைக்குத் தலித் கிறிஸ்தவ இயக்கங்களைப் பார்த்து, வெளியிலிருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று சொல்லுகிறவர்கள் அந்த நாட்குறிப்பைப் படிப்பது நல்லது. மரக்காணத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தெற்கே இந்தக் கேள்வி கேட்கப்பட்டு 280 ஆண்டுகள் ஆகின்றன.

புராட்டஸ்டண்டுகளின் கணக்கும் வேறு மாதிரி இல்லை. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் ஒருவர் தமிழ்க் கிறிஸ்தவ உலகம் இன்றும் பாடிக்கொண்டிருக்கிற வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி எழுதிய பெரும் புலவர், கோயிலில் எல்லாரும் கலந்து உட்காருவதை ஏற்க முடியாமல் தவித்தார் என்பது சங்கடமான உண்மை. சங்கடமாக இருக்கிறது என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. பக்தி ஆழமாக இருந்தால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று மேடையில் சொல்லுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

பின்னும் ஒரு கட்டடம். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்து வந்து பீடத்தில் சேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடாரும் பிறரும்; ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஒரே பூசை காணலாம். சாதிக்காகவே வரைபடம் போட்டுக் கட்டிய கோயில் உலகில் வேறு எங்கே இருக்கும்? 1910-இல் பங்குத்தந்தை கோசானல் நடுத்தடுப்பை இடித்துத் தள்ளினார். வெள்ளாளத் தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறியது. கோயிலுக்குள் சாதியின் பேரால் தனியிடத்துக்கு உரிமை கொண்டாடியவர்கள் தோற்றார்கள். கோபித்துக்கொண்டு விலகியவர்கள் உண்டு. ஆனால் வடக்கன்குளத்தில் திருச்சபை அழிந்துவிடவில்லை. கோயில் நிற்கிறது.

இந்த ஒரு சங்கதியை ஆயர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். கண்டித்தால் போய்விடுவார்களே என்ற பயம் 1745-இலும் இருந்தது, 1833-இலும் இருந்தது, 2008-இலும் இருந்தது. எறையூரில் கலவரத்துக்குப் பிறகு, வன்னியர் தரப்பிலிருந்து மதம் மாறிவிடுவோம் என்ற மிரட்டலே எழுந்தது. ஊரையே எதிர்த்து நிற்கிற பங்குத்தந்தையின் நிலை பரிதாபமானது. சம்மனசு மாதிரி அவர் பறந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போக முடியாது, அந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும், ஒரு தூம்பாவுக்காக ஞானஸ்நானத்தையே திருப்பிக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்ள, தூம்பா மறுக்கப்பட்டவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது என்ன கணக்கு?

வெளியுலகிலும் இதற்கு இணை உண்டு. தென்னாப்பிரிக்காவில் டச்சுச் சீர்திருத்தச் சபை 1857-இல் ஒரு தீர்மானம் போட்டது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாக வழிபடலாம் என்பது அதன் சாரம். அந்தச் சிலருடைய பலவீனம் 1881-இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையாக வளர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் நிறவெறி ஆட்சிக்கு வேதாகம விளக்கமே எழுதித் தந்தது. அந்தத் தனிச் சபையில் ஒதுக்கப்பட்டவர்களே 1980-களில் பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதினார்கள். ஒன்றிப்பு என்பது கடவுள் தந்த கொடை மட்டுமன்று, கீழ்ப்படிய வேண்டிய கட்டளையும்கூட என்றும், பிறப்பை வைத்து மனிதரைப் பிரிக்கும் எந்தப் போதனையும் நற்செய்திக்கு விரோதம் என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இன்னும் அப்படி ஓர் அறிக்கையைச் சபைகள் தம் விசுவாசப் பிரமாணமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

தீர்மானங்களுக்குக் குறைவில்லை. 1990-இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தது. 2003 நவம்பரில் தம்மைக் காண வந்த தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களிடையே சாதி மனப்பான்மையின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று நேரடியாகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2022-இல் புதுச்சேரி-கடலூருக்குப் புதிய பேராயர் அறிவிக்கப்பட்டபோது, தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகளாக இருந்தும் ஆயர் நாற்காலி மட்டும் ஏன் அவர்களுக்கு எட்டவில்லை என்று தெருவில் போராட்டம் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா நாட்டின் முதல் தலித் கர்தினால் ஆனார். மேலே ஒரு சிவப்புத் தொப்பி. கீழே தூம்பா?

திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவரைப் பற்றிப் பல்லாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் சாதிப் பாகுபாடு நடப்பதாகத் தொடுத்த வழக்கு, உயர் நீதிமன்றத்தைக் கடந்து 2025-இல் உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது. பாமாவின் கருக்கு 1992-இல் வந்தபோது, கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி உண்டா என்று வாய்மேல் கைவைத்தவர்கள் இருந்தார்கள். இன்று அப்படி வியப்பவர்கள்கூட இல்லை. பழகிவிட்டது.

திருச்சபை இந்த விஷயத்தில் இரண்டு குரலில் பேசுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்ட தலித் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தத் தடை விலகியது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் விலகவில்லை. 1985-இல் சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவரின் வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அதனால் கல்வி, வேலை ஒதுக்கீடு மட்டும் போகவில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போயிற்று. எறையூர் மாதிரி ஓர் ஊரில் தாக்கப்பட்டவர் கிறிஸ்தவர் என்று பதிவாகியிருந்தால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடியாது.

இந்த அநீதியை எதிர்த்து ஆயர்கள் டெல்லி வரை போய்க் குரல் கொடுக்கிறார்கள். 2022-இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையமும் அமைந்தது. மதம் மாறினாலும் சாதி போகவில்லை, ஆகவே உரிமை வேண்டும் என்பது டெல்லியில் அவர்கள் வைக்கும் வாதம். முழுக்கச் சரியான வாதம். ஆனால் டெல்லியிலிருந்து திரும்பி வந்து பங்கில் நின்றால் பேச்சு மாறிவிடுகிறது. நமக்குள் சாதி இல்லை, நாம் எல்லாரும் ஒரே குடும்பம், பிரிவினை பேசாதீர்கள். ஆணையத்தில் கொடுக்கும் வாக்குமூலத்தைத் திருப்பலியில் மறுத்தால் கேட்கிறவர் எதை நம்புவார்?

எறையூர்த் தலித்துகள் தனிப் பங்கு கேட்டபோது எழுந்த சிக்கலும் இதுவே. சாதியின் பேரால் பங்கைப் பிரிப்பது ஒற்றுமைக்கு விரோதம் என்று சொல்வது எளிது. கேட்பதற்கும் சரியாகவே இருக்கிறது. தனிப் பங்கு வந்துவிட்டால் சாதிச் சுவர் சட்டபூர்வமாகிவிடும் என்ற அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இரண்டு கல்லறையும் இரண்டு தூம்பாவும் இருந்த நாளெல்லாம் வராத ஒற்றுமைக் கவலை, அடிபட்டவன் தனியாகப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் ஏன் வந்தது? ஒற்றுமை என்ற சொல்லை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் திருச்சபை தவறிவிட்டது. வழியை மறித்தவரிடம் சொல்லியிருந்தால், வழி கேட்டவர் தனிக் கோயில் கேட்டிருக்க மாட்டார். பவுல் அந்தியோக்கியாவில் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தது, பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர், யூதேயாவிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு ஒதுங்கினார் என்பதற்காக. திருச்சபையின் முதல் பெரிய சண்டையே பந்தியில்தான் வந்தது. அங்கே பவுல், ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

இனி என்ன செய்யலாம்? இன்னொரு பத்து அம்சத் திட்டம் வேண்டாம். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் எந்தப் பங்கில் எத்தனை கல்லறைத் தோட்டம், எத்தனை தூம்பா, திருவிழாத் தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பங்குப் பேரவையில் காலனியிலிருந்து எத்தனை பேர் என்ற விவரங்கள் அந்தந்தப் பங்குத்தந்தைக்கு மனப்பாடம். ஒரு வாரத்தில் திரட்டிவிடக்கூடியவை. திரட்டி, அச்சிட்டு, எல்லாக் கோயில் வாசலிலும் ஒட்டலாம். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளும் தங்கள் பட்டியலை வெளியிட்டால் ஜனவரி ஒன்றிப்பு வாரத்தில் மேடையில் பேசுவதற்குப் பொருள் கிடைக்கும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மரக்காணத்தில் அப்போது வடகிழக்குப் பருவமழை இறங்கிப் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த நாளுக்கு முன்பாக இந்தப் பட்டியலை உயர்மறைமாவட்டம் வெளியிட வேண்டும். தூம்பா ஒன்றுக்கு மேல் இருக்கும் ஊர்களில், அந்த ஆண்டின் கல்லறை மந்திரிப்பைப் பேராயரே நேரில் வந்து, ஊர்த் தெரு வழியாக நடந்துபோய்ச் செய்ய வேண்டும்.